வெள்ளையாக விழுவது எது?

வாசகர் கேள்விகளுக்குப் பறவை மருத்துவரின் பதில்கள்

கிளி, புறா, கோழி, குருவி என்று இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எச்சத்தைப் பற்றித்தான். சரி, பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை வைத்துவிட்டு வரவும்.

கே: பறவை ஒன்றுக்குப் போகுமா, போகாதா? எங்கள் வகுப்பில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது டாக்டர் ஆன்ட்டி.
- ஏழாம் வகுப்பு மாணவன், ராமமூர்த்தி நகர்

ப: போகும் தம்பி, தனியாகப் போகாது, அவ்வளவுதான். அடுத்த முறை ஜன்னல் கம்பியில் காக்கா எச்சம் போட்டால், அம்மா துடைப்பதற்கு முன் உற்றுப் பார். கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ சுருண்டு கிடப்பது மலம். அதன் மேல் வெள்ளைக் களிம்பாக இருப்பது யூரேட், அதாவது யூரிக் அமிலமும் அதன் உப்புகளும். சுற்றி ஈரமாகப் பரவியிருப்பது சிறுநீரின் தண்ணீர்ப் பகுதி. பின்னிரண்டும் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. எல்லோரும் மலம் என்று நினைத்து முகம் சுளிக்கும் அந்த வெள்ளைதான் உண்மையில் மூத்திரம்!

பறவைக்கு மூத்திரப்பை கிடையாது. இரண்டு சிறுநீர்க் குழாய்களும் நேராகக் குடலின் கடைசி அறையான குளோயேக்காவில் வந்து திறக்கும். அங்கே வந்த சிறுநீர் உடனே வெளியே போய்விடாது. குடல் அதைப் பின்பக்கமாக, அதாவது மேல்நோக்கிப் பெருங்குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். அங்கே தண்ணீரும் உப்பும் உறிஞ்சப்பட்ட பிறகுதான் மிச்சம் மலத்தோடு சேர்ந்து விழும். ஆகவே போகும் என்று சொன்னவனும் ஜெயித்தான், தனியாகப் போகாது என்று சொன்னவனும் ஜெயித்தான். சண்டையை விடுங்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் 8.4. மட்டனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், கால் கட்டைவிரல் வீங்கி ராத்திரியெல்லாம் புலம்புகிறார். பறவைகளுக்கு உடம்பு முழுக்க யூரிக் ஆசிட்தான் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதுகளுக்கு மட்டும் ஏன் இந்த வலி வருவதில்லை? தண்ணீர் நிறையக் குடிப்பதாலா?
- இல்லத்தரசி, அல்சூர்

ப: தண்ணீர் குடிப்பதால் இல்லை அம்மா. பறவை குடிப்பதே கொஞ்சம்தான். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரதம் சாப்பிடும் எந்த உயிருக்கும் நைட்ரஜன் கழிவு மிச்சமாகும். மீன் அதை அம்மோனியாவாகவே தண்ணீரில் விட்டுவிடும். நாம் யூரியாவாக மாற்றிக் கரைத்து அனுப்புகிறோம். பறவை கூடுதல் சக்தியைச் செலவழித்து யூரிக் அமிலமாக்குகிறது. செலவுக்குப் பலன் தண்ணீரில் தெரியும். 1 கிராம் நைட்ரஜனை வெளியேற்ற அம்மோனியா வழியில் சுமார் 500 மில்லி தண்ணீர் வேண்டும், யூரியா வழியில் 50 மில்லி, யூரிக் அமில வழியில் 10 மில்லி போதும் என்று பாடப் புத்தகங்கள் கணக்குச் சொல்லும். பறக்கிற உடம்புக்குத் தண்ணீரைச் சுமக்க முடியாது. முட்டைக்குள் இருக்கிற குஞ்சுக்கு அதைவிட நெருக்கடி: ஓடு மூடியிருக்கிறது, கழிவைக் கொட்ட இடமே இல்லை. கரையாத யூரிக் அமிலமாக ஒரு பைக்குள் ஒதுக்கிவிட்டால் குஞ்சுக்கு விஷம் ஏறாது. கோழி பொரித்த ஓட்டின் உள்பக்கச் சவ்வில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதுதான் அது.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். மனித சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது யூரிக் அமிலமும் வடிந்துவிடுகிறது. ஆனால் அதில் சுமார் 90 சதவீதத்தை நம் சிறுநீரகக் குழல்கள் திரும்ப இரத்தத்துக்கே இழுத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி நம்மிடம் இல்லை; குரங்கிலிருந்து மனிதன் வரும் வழியில் அது செயலிழந்துவிட்டது. பறவைக்கும் அந்த நொதி இல்லை. ஆனால் அதன் குழல்கள் நம்முடையவற்றுக்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்கின்றன. பறவை வெளியேற்றும் யூரிக் அமிலத்தில் வடிகட்டலில் வருவது சிறு பங்கு. 80, 90 சதவீதம் வரை குழல்களின் செல்களே இரத்தத்திலிருந்து பிடித்துக் குழலுக்குள் தள்ளுவது. செல்லின் இரத்தப் பக்கச் சுவரில் ஓ.ஏ.டி. என்ற கடத்திப் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளை வெளியே கொடுத்து, பதிலுக்கு யூரேட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். மறுபக்கம், குழலுக்குள் தள்ளிவிடும் வேலையில் எம்.ஆர்.பி.4 என்ற இன்னொரு புரதத்துக்குப் பங்கு இருப்பதாகக் கோழிச் செல்களில் செய்த சோதனைகள் காட்டின.

சரி, குழலுக்குள் தள்ளியாகிவிட்டது. கரையாத பொருள் அத்தனை அங்கே சேர்ந்தால் ஊசி ஊசியாகப் படிகமாகி அடைத்துக்கொள்ள வேண்டுமே? அடைப்பதில்லை. யூரேட்டைப் பறவை புரதத்தோடு சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கிவிடுகிறது. புதிதாக விழுந்த எச்சத்தின் வெள்ளையை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவில், கூர் இல்லாத உருண்டைகள் நகர்ந்துகொண்டிருக்கும். எங்கள் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது இதைத்தான். உருண்டை என்பதால் சளியோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் புரதமும் வீணாகப் போகாது, பெருங்குடலுக்குள் திரும்ப இழுக்கும்போது பெரும்பகுதி மீட்கப்பட்டுவிடும்.

உங்கள் வீட்டுக்காரரின் கட்டைவிரலில் குத்துவது யூரேட்டின் ஊசிப் படிகம். அவர் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், மருந்தை அவருடைய டாக்டர் சொன்னபடி எடுக்கட்டும். நான் கிளிக்குத்தான் மருத்துவர். அப்புறம், பறவைக்குக் கௌட், அதாவது இந்த யூரிக் அமில நோய், வரவே வராது என்று நான் எழுதவில்லை. வரும். அடுத்த கேள்விகளைப் படியுங்கள்.

கே: என் காக்கட்டீலுக்கு நீங்கள் மார்பில் ஊசி போட்டீர்கள். எங்கள் ஊரில் கோழிக்குத் தொடையில்தான் குத்துவார்கள். மார்பு ஆபத்தான இடம் இல்லையா?
- ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்டு

ப: உங்கள் பயம் நியாயமானது. ஊசி பார்த்ததும் பறவையைவிட நீங்கள்தான் அதிகம் நடுங்கினீர்கள்.

பறவையின் காலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வழியில் அதைச் சிறுநீரகத்துக்குள் திருப்பிவிடும் சிரைகள் இருக்கின்றன. சிறுநீரகப் போர்ட்டல் மண்டலம் என்று பெயர். மீன், தவளை, பல்லிக்கும் உண்டு, நமக்கு இல்லை. இந்தச் சிரை இரத்தம் வடிகட்டும் முடிச்சுகளுக்குப் போகாது. நேராகக் குழல்களைச் சுற்றிப் பரவும், யூரேட்டைப் பிடித்துத் தள்ளும் அந்தச் செல்கள் இருக்கும் இடத்துக்கே. தமனி இரத்தம் குறைந்து வடிகட்டல் படுத்துவிட்டாலும் தள்ளும் வேலைக்குச் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதை நிரூபித்தவர் சுவீடனின் ஐவார் ஸ்பெர்பர். 1940களில் கோழியின் ஒரு காலில் மட்டும் பொருளைச் செலுத்தி, இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் வரும் சிறுநீரைத் தனித்தனியே பிடித்துப் பார்த்தார். குழல்கள் தள்ளக்கூடிய பொருளாக இருந்தால், ஊசி போட்ட பக்கத்துச் சிறுநீரகத்தில் அதிகம் வந்தது. இன்றைக்கும் அந்த முறைக்கு அவர் பெயர்தான்.

ஆகவே தொடையில் ஊசி போட்டால் மருந்தின் ஒரு பங்கு உடம்பைச் சுற்றுவதற்கு முன்பே சிறுநீரகத்தில் மாட்டிக்கொண்டு வெளியேறலாம். ஜெண்டாமைசின் மாதிரிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தாக இருந்தால் நேரே அங்கேயே கொண்டுபோய்க் கொட்டியதாகும். நடைமுறையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அந்தச் சிரையில் ஒரு வால்வும் இருக்கிறது. பறவை பயந்து அட்ரினலின் ஏறினால் அது திறந்து இரத்தம் நேரே இதயத்துக்குப் போகும். எனக்கு வாதம் வேண்டாம், மார்புச் சதை பெரியது, வசதியானது, அங்கேயே போடுகிறேன்.

கே: ஆண் லவ் பேர்ட்ஸ் ஒன்று இடது காலை மடக்கியே வைத்திருக்கிறது. எங்கும் அடிபடவில்லை. தைலம் தடவினோம், பலன் இல்லை.
- வாசகி, ஸ்ரீராமபுரம்

ப: தைலத்தை முதலில் நிறுத்துங்கள். பறவையின் தோலும் இறகும் அதைத் தாங்காது, அலகால் கோதும்போது அதை விழுங்கவும் செய்யும்.

பறவையின் சிறுநீரகங்கள் இடுப்பெலும்பின் உள்பக்கக் குழிகளுக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கின்றன. காலுக்குப் போகும் பெரிய நரம்பு அவற்றின் ஊடாகவே போகிறது. அங்கே கட்டி வந்தாலோ வீங்கினாலோ நரம்பு நசுங்கிக் கால் செயலிழக்கும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜிக்களுக்கு, சிறுநீரகக் கட்டி வருவது சகஜம். அடிபடாமல் ஒரு கால் மட்டும் செயலிழந்த பட்ஜி வந்தால் நான் காலைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைத்தான் தொட்டுப் பார்ப்பேன். எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கட்டி என்றால் நல்ல சேதி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

ஆனால் இரண்டு கால் மூட்டுகளிலும் வெள்ளையாகப் பளபளக்கும் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அது வேறு. அது யூரேட், மூட்டுக் கௌட். கீறிவிடாதீர்கள், இரத்தம் நிற்காது.

கே: ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வாங்கிய கிளிக்குச் சூரியகாந்தி விதை மட்டும்தான் பிடிக்கிறது. வேறு எதைக் கொடுத்தாலும் வீசி எறிகிறது.
- வாசகர், ஃப்ரேசர் டவுன்

ப: முதலில் சட்டம். பச்சைக் கிளி, கழுத்தில் ரோஜா நிற வளையம் உள்ளது என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். வெளிநாட்டு வகை என்றால் மேலே படியுங்கள்.

விதையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. அது குறைந்தால் சிறுநீர்க் குழாயின் உள்சுவர், சளி சுரக்கும் மென்மையான தோலாக இல்லாமல் தடித்துக் காய்ந்த தோலாக மாறிவிடும். அல்சூர் வாசகிக்குச் சொன்னேனே, உருண்டைகள் சளியோடுதான் வழுக்கிப் போகின்றன என்று. சளி இல்லாத குழாயில் அவை தேங்கும், அடைக்கும். பின்னால் சிறுநீரகம் பழுதாகும். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும். அதுவும் சிறுநீரகத்தில் பெரும்பகுதி போன பிறகுதான் ஏறும் என்பது இதில் பெரிய கொடுமை. கடைசியில் யூரேட் இதய உறையிலும் கல்லீரலிலும் படியும். அப்படி இறந்த கிளியைத் திறந்தால் இதயத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்த மாதிரி இருக்கும். அதற்கு முந்தைய நாள் வரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

முருங்கைக்கீரை, துருவிய கேரட், சிவப்புக் குடமிளகாய். காலையில் பசியோடு இருக்கும்போது இவற்றை முதலில் வையுங்கள், விதையைச் சாயங்காலம் கொஞ்சமாக. வீசி எறியும், எறியட்டும். கால்சியம் நல்லது என்று சத்து மருந்தை இஷ்டத்துக்குத் தண்ணீரில் கலக்க வேண்டாம், வைட்டமின் டி-யும் கால்சியமும் மிஞ்சினால் அதே சிறுநீரகம்தான் அடிவாங்கும்.

கே: கிளினிக்குக்கு எடுத்துப்போகும்போது மட்டும் என் குருவி தண்ணீராக எச்சம் போடுகிறது. வயிற்றுப்போக்கா?
- வாசகி, காக்ஸ் டவுன்

ப: பயம். அவசரத்தில் குடல் தண்ணீரை உறிஞ்ச நேரம் இல்லாமல் அப்படியே விழுந்துவிடுகிறது. நடுவில் மலம் கெட்டியாக இருந்தால் வயிற்றுப்போக்கு இல்லை. வெள்ளைப் பகுதி பச்சையாக மாறினால்தான் ஓடி வர வேண்டும், அது பெரும்பாலும் கல்லீரல்.

கே: எங்கள் செம்பருத்திச் செடிக்கு வரும் தேன்சிட்டின் எச்சத்தில் வெள்ளையே இல்லை. நீங்கள் எழுதுவது எல்லாப் பறவைக்கும் பொருந்துமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லேஸ்வரம்

ப: சார், மாட்டிவிட்டீர்கள்! தேன் குடிக்கும் பறவைக்கு எதிர்ப் பிரச்சினை: தண்ணீர் வந்து குவிகிறது, புரதம் சொற்பம். அது நீர்த்த சிறுநீராகவே விடும். அமெரிக்காவின் ரீங்காரச் சிட்டு ஒன்று தேன் அதிகம் குடிக்கும்போது யூரிக் அமிலத்தைவிட அம்மோனியாவாகவே அதிக நைட்ரஜனை விடுகிறது என்று 1997இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கே: பால்கனி முழுக்கப் புறா எச்சம். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் வெள்ளைக் கறை போவதில்லை.
- வாசகர், ஜெயநகர்

ப: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் யூரிக் அமிலம் 60 மில்லிகிராம்தான் கரையும். அதனால் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிப் பலன் இல்லை. வெந்நீரில் வாஷிங் சோடா போட்டு ஊறவையுங்கள், காரத்தில் யூரேட் இளகும். கையுறை போடுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதீர்கள். அந்தத் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் அழற்சி வரும். முகக்கவசம், முதலில் நனைப்பது, பிறகு வழிப்பது. அப்புறம் வலை கட்டிவிடுங்கள்.

ஒரு செய்தி, கோபம் தணிவதற்காக: 1940களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் புக்கானனும் அவருடன் இருந்தவர்களும் அடையாளமிட்ட கார்பனைப் புறாக்களுக்குக் கொடுத்து, எச்சத்திலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்து, அதன் எந்த அணு எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். நம் டி.என்.ஏ.வின் இரண்டு எழுத்துகள் உடம்பில் எப்படித் தயாராகின்றன என்பது தெரிய ஆரம்பித்தது அந்த எச்சத்திலிருந்துதான்.

கே: மாட்டுக்கு வலி ஊசி போட்டால் கழுகு சாகும் என்கிறார்கள். மாடு செத்துவிடவில்லையே, கழுகு மட்டும் எப்படிச் சாகும்? ஊரில் யாரும் நம்புவதில்லை.
- பால் வியாபாரி, கே.ஜி.எஃப்.

ப: ஐயா, நம்பாமல் இருந்ததால்தான் இத்தனை போயின. நீங்கள் கழுகு என்பது பிணந்தின்னிக் கழுகை, அதாவது பாறுகளை.

1990களில் இந்தியாவில் பாறுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. நோய்க்கிருமி என்று எல்லோரும் தேடினார்கள். பாகிஸ்தானில் இறந்த பறவைகளைத் திறந்து பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் காரணத்தைச் சொன்னார்கள்: டைக்ளோஃபினாக், நீங்கள் கேட்ட அந்த வலி மருந்து. மேலே ஃப்ரேசர் டவுன்காரருக்கு எழுதிய அதே கோலம், உள்ளுறுப்புகள் மேலெல்லாம் யூரேட். ஊசி போட்ட மாடு சீக்கிரத்தில் செத்தால் அந்த இறைச்சியில் மருந்து இருக்கும். தின்ற பாறு சில நாட்களில் செத்துவிடும்.

மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மாடு யூரியா விடுகிற பிராணி, அதன் உயிர் யூரேட்டைத் தள்ளும் புரதங்களை நம்பி இல்லை. பாறுவின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது. வெறும் இறைச்சி தின்னும் பறவைக்கு ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் இரத்தத்தில் யூரிக் அமிலம் எகிறும். மாஞ்சா நூல் அறுத்த காயத்தோடு எங்களிடம் கொண்டுவரப்படும் பருந்துகளுக்குக்கூட இரை கொடுத்த உடனே இரத்தம் எடுக்க மாட்டேன், சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று எண் பயமுறுத்தும். ஆரோக்கியமான பறவை சில மணி நேரத்தில் அதைத் தள்ளித் தீர்த்துவிடும். டைக்ளோஃபினாக் அந்தத் தள்ளும் வழியையே கெடுக்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. போர்ட்டல் சிரை சுருங்குவதால் என்ற பழைய ஊகத்தை அது ஏற்கவில்லை.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள், 2015இல் அதன் அளவை 3 மில்லி என்று குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக், அதன் பிறகு நிமசுலைடு ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடை. உங்கள் மாட்டுக்கு வலி என்றால் மெலாக்சிகாம் கேளுங்கள், அது பாறுகளைக் கொல்லாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராமநகரத்தில் ராமதேவர பெட்டாவை 2012இல் பாறு சரணாலயமாக அறிவித்தார்கள். அந்தப் பாறைகளில் மிச்சம் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. பழைய டைக்ளோஃபினாக் பாட்டில் வீட்டில் கிடந்தால் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

கே: மாடியில் புறா எச்சம் வீணாகிறதே, ரோஜாத் தொட்டிக்குப் போடலாமா?
- வாசகி, விவேக் நகர்

ப: தாராளமாக. பெரு நாட்டின் சிஞ்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சத்தை வெட்டி எடுத்துக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள், 1864இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைப் பிடித்துச் சண்டையே போட்டது. ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். பாக்டீரியா யூரிக் அமிலத்தை உடைத்து அம்மோனியாவாக்கும், வேர் வெந்துவிடும், அதில் வாழும் பூஞ்சையும் நல்லதில்லை. நனைத்து அள்ளி, காய்ந்த இலையோடு சேர்த்து மக்கவிட்டு, மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நிற்க முடிகிறபோது போடுங்கள். ரோஜாவுக்கு மட்டும். பக்கத்துத் தொட்டியில் கொத்தமல்லி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வேண்டாம்.